கரைக்கடல் ஆராய்ச்சிக்குரிய படகுகளும் கருவிகளும்

உழவருக்குத் தம் நிலத்து மண்ணின் தன்மை தெரிந்திருத்தல் எவ்வளவு அவசியமோ, அவ்வளவு அவசியம் கடலை நம்பி வாழும் ஊர்களுக்குக் கடல்நீரின் தன்மையும் கடலடித் தரையின் தன்மையும் தெரிந்திருத்தல். வயலின் மண்ணில் ஒரு கைப்பிடி எடுத்துப் பரிசோதனைச் சாலைக்கு அனுப்பிவிட்டால், அம்மண்ணுக்கு வேண்டிய உரம் இன்னதென்று அறிந்துகொள்ளலாம். கடலிலோ வேலை அத்தனை எளிதன்று. நீர் ஓரிடத்தில் நிலைத்து நிற்பதில்லை. மேற்பரப்பில் உள்ள நீர் வேறு, அடியில் உள்ள நீர் வேறு. காலையில் கண்ட தெளிவு மாலையில் இருப்பதில்லை. ஆகையால், குறித்த இடத்திற்குக் குறித்த வேளையில் சென்று, குறித்த ஆழத்திலிருந்து நீரையும் மண்ணையும் உயிர்களையும் பழுதில்லாமல் எடுத்துவர வேண்டியிருக்கிறது. இதற்கென்றே தக்க படகும் தக்க கருவிகளும் வேண்டும்.

இது விஞ்ஞானிகளின் காரியந்தானே, கிராம மக்களுக்கு இதில் என்ன தொடர்பு என்று சிலர் கேட்கக்கூடும். தொடர்பு மிகுதியும் உண்டு. தமிழகத்தின் கிழக்குக் கரையில் ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகள் கடலுக்குச் செல்லாமல் நிறுத்தப்படுகின்றன. மீன்கள் சினைப்படும் பருவத்தைப் பற்றிய ஆய்வு இல்லாமல் இத்தகைய விதியைச் சீர்தூக்கிப் பார்க்க இயலாது. 1986-ம் ஆண்டில் மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் அவற்றைச் சூழ்ந்த கடலும் தேசியப் பூங்காவாயின. 2022-ம் ஆண்டில் பாக் விரிகுடாவில் தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டக் கரைகளை ஒட்டி 448 சதுரக் கிலோமீட்டர் பரப்பு கடற்பசுப் பாதுகாப்பகமாக அறிவிக்கப்பட்டது. துறைமுகம் கட்டுவதும், தூர் வாரிய மண்ணைக் கொட்டும் இடத்தைக் குறிப்பதும், அனல் மின் நிலையத்தின் சூடான நீரை எங்கே விடுவது என்பதும் இவ்வாறே அளவுகளைக் கொண்டு தீர்மானிக்கப்பட வேண்டியவை. அளவு சரியாயின் தீர்மானமும் சரியாக அமைய வழியுண்டு. அளவு தவறாயின், அத்தவற்றின் பலனை அனுபவிப்பவர் அக்கரையில் வாழும் மக்களே. ஆதலின், கடல் எவ்வாறு அளக்கப்படுகிறது என்பதை அவர்கள் அறிந்திருத்தல் நலம் பயக்கும்.

பெரிய கப்பல்களும் சிறிய படகுகளும்

இந்தியா விடுதலை பெற்ற 1947-ம் ஆண்டிலேயே கடல்மீன் ஆராய்ச்சிக்கென மத்திய நிலையம் ஒன்று தொடங்கப்பெற்றது. 1949 முதல் இருபது ஆண்டுகளுக்கு மேல் இராமநாதபுரம் மாவட்டத்து மண்டபமே அதன் தலைமையிடமாக விளங்கியது. 1971-ல் தலைமையிடம் கொச்சிக்கு மாறிய பின்னரும் மண்டபத்தில் ஆராய்ச்சிப் பணி தொடர்ந்தது. சிதம்பரத்திற்கு அண்மையில், வெள்ளாறு கடலோடு கலக்கும் பரங்கிப்பேட்டையில், அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் உயராய்வு மையம் கழிமுகத்தின் உயிர்களை நெடுங்காலமாக ஆராய்ந்து வருகிறது.

1960-க்களின் முற்பகுதியில் பல நாடுகள் ஒன்றுகூடி நடத்திய சர்வதேச இந்துமாக்கடல் ஆராய்ச்சித் திட்டத்தில் நம் கடற்படையின் 'கிஸ்ட்னா' என்னும் கப்பலும் பங்குகொண்டது. அம்முயற்சியின் தொடர்ச்சியாக 1966-ம் ஆண்டு ஜனவரி முதல் நாளன்று தேசியக் கடலியல் நிலையம் தோன்றியது. பின்னர் 1983-ல் 'சாகர் கன்யா', 1984-ல் 'சாகர் சம்பதா' ஆகிய பெருங்கப்பல்கள் ஆராய்ச்சிக்கு வந்தன. 1993-ல் சென்னையில் தேசியப் பெருங்கடல் தொழில்நுட்பக் கழகம் நிறுவப்பட்டது. கரையோரக் கடலுக்கென்றே அமைந்த 'சாகர் அன்வேஷிகா' என்னும் கப்பல் 2021-ம் ஆண்டு ஜனவரியில் நாட்டிற்கு அர்ப்பணிக்கப்பட்டது.

சாகர் கன்யாவின் நீளம் ஏறத்தாழ 100 மீட்டர். சாகர் அன்வேஷிகாவின் நீளம் ஏறத்தாழ 43 மீட்டர். ஆழ்கடலுக்குப் பெருங்கப்பல் இன்றியமையாதது. ஆனால் பாக் விரிகுடாவின் பெரும்பகுதி 15 மீட்டருக்கும் குறைந்த ஆழமுடையது. மன்னார் வளைகுடாத் தீவுகளைச் சுற்றியுள்ள பவளப் பார்களின் மேல் பல இடங்களில் ஒரு மனிதன் நிற்கும் அளவு நீர்கூட இருப்பதில்லை. கழிமுகங்களிலும் காயல்களிலும் மணல் திட்டுகள் பருவந்தோறும் இடம் மாறுகின்றன. இத்தகைய இடங்களில் பெருங்கப்பல் நுழைய வழியில்லை. அங்கே ஆராய்ச்சியின் சுமையைத் தாங்குவது 6 மீட்டர் முதல் 10 மீட்டர் வரை நீளமுள்ள சிறு படகே. கரைக்கடல் விஞ்ஞானத்தின் பெரும்பகுதி, நம் மீனவர் தொழிலுக்குச் செல்லும் வள்ளத்தையும் கண்ணாடி இழைப் படகையும் ஒத்த படகுகளில் நடைபெறுகிறது என்பதை நாம் மறத்தலாகாது.

ஆய்வுப் படகின் இலக்கணம்

நல்ல மீன்பிடி படகு எல்லாவகையிலும் நல்ல ஆய்வுப் படகாகிவிடும் என்று கொள்ள முடியாது. ஆய்வுப் படகுக்கு ஐந்து குணங்கள் வேண்டும்.

முதலாவது, குறைந்த நீரிலும் மிதக்க வேண்டும். அடிப்புறம் ஆழமாக இறங்கிய படகு பாரில் தட்டும். பாரும் கெடும், படகும் கெடும். இரண்டாவது, ஓரிடத்தில் அசைவின்றி நிற்க வேண்டும். விரைந்து செல்லும் படகைக் காட்டிலும், ஆட்டம் குறைந்த அகலமான படகே அளவெடுக்க ஏற்றது. மூன்றாவது, இருவர் எதிரெதிரே நின்று கருவியை இறக்கவும் ஏற்றவும் இடம் வேண்டும். பக்கப் பலகை மிக உயரமாக இருந்தால் குனிந்து தூக்குவோர் இடுப்பு நோகும். மிகத் தாழ்வாக இருந்தால் அலை உள்ளே வரும். நான்காவது, கனமான கருவிகளை இறக்கக் கப்பி பொருத்திய சிறு தூக்குமரமும் கைச்சுழலியும் வேண்டும். ஐந்தாவது, படகு தான் அளக்க வந்த நீரைத் தானே அசுத்தப்படுத்தலாகாது.

ஐந்தாவது குணம் சிறிது விளக்கப்பட வேண்டியது. அவுட்போர்டு எஞ்சின் அமரத்தில், அதாவது படகின் பின்முனையில் இருக்கிறது. எரிபொருள் கசிவும் புகையும் அப்பக்கத்து நீரில் கலக்கின்றன. அந்நீரை எடுத்துச் சோதித்துக் கடலில் எண்ணெய் கலந்திருக்கிறது என்று எழுதினால், நாம் எழுதியது கடலின் வரலாறன்று, நம் எஞ்சினின் வரலாறேயாகும். ஆகவே எஞ்சினை நிறுத்தி, நீரோட்டத்தை எதிர்நோக்கி நிற்கும் அணியத்திலிருந்து, அதாவது படகின் முன்முனையிலிருந்து, நீர் எடுப்பதே முறை.

நங்கூரம் இடுவதிலும் கவனம் வேண்டும். பவளத்தின் மேலோ கடற்புல்லின் மேலோ நங்கூரம் விழுந்து இழுபட்டால், பல ஆண்டுகள் வளர்ந்தவை சில நிமிடங்களில் அழியும். அருகிலுள்ள மணல் தரையில் நங்கூரமிட்டு, கயிற்றை நீட்டிப் படகை ஆய்வு செய்யும் இடத்திற்குக் கொண்டுவர வேண்டும். பவளத்தைக் காக்கச் சென்றவரே பவளத்தை உடைத்தார் என்னும் பழிச்சொல்லுக்கு இடந்தரலாகாது.

இடமும் ஆழமும்

எந்த அளவுக்கும் முதலில் வேண்டுவது, அது எங்கே எடுக்கப்பட்டது என்னும் குறிப்பு. கோயில் கோபுரம், மாதாகோயில் உச்சி, கலங்கரை விளக்கம், தனித்து நிற்கும் பனை ஆகியவற்றில் இரண்டிரண்டை நேர்கோட்டில் வைத்துப் பார்த்து, கடலில் தம் இடத்தை அறியும் முறையை நம் மீனவர்கள் தலைமுறை தலைமுறையாகக் கையாண்டு வந்திருக்கின்றனர். இன்று ஜி.பி.எஸ். கருவி செயற்கைக் கோள்களின் துணைகொண்டு சில மீட்டர் பிழைக்குள் இடத்தைக் காட்டுகிறது. ஆயினும் மின்கலம் தீர்ந்துபோன வேளையில் பழைய முறையே கை கொடுக்கும். இரண்டையும் கற்றிருப்பது அறிவுடைமை.

ஆழத்தை அளக்க மிகப் பழைய கருவி ஈயக்குண்டு கட்டிய கயிறு. கயிற்றில் பாகத்திற்கு ஒரு முடிச்சு இட்டு வைப்பர்; ஒரு பாகம் என்பது ஏறத்தாழ 6 அடி. குண்டின் அடியில் கொழுப்பைத் தடவி இறக்கினால், அடித்தரை மணலா, சேறா, சிப்பித்தூளா என்பதையும் அது ஒட்டிக்கொண்டுவந்து காட்டும். எக்கோ சவுண்டர் என்று மீனவர்களிடையே வழங்கும் எதிரொலிக் கருவி, ஒலி அடித்தரைக்குச் சென்று திரும்பும் நேரத்தைக் கொண்டு ஆழத்தைக் கணக்கிடுகிறது. கடல்நீரில் ஒலி ஒரு வினாடியில் சுமார் 1,500 மீட்டர் செல்லும். ஒரு வினாடியில் ஐம்பதில் ஒரு பங்கு நேரத்தில் எதிரொலி வந்தால், ஒலி சென்று திரும்பிய தூரம் 30 மீட்டர். ஆகவே ஆழம் 15 மீட்டர்.

கயிற்றைக் கொண்டு அளக்கும்போது ஒரு சிறு கணக்கை நினைவில் வைத்தல் வேண்டும். நீரோட்டத்தால் கயிறு சாய்ந்தால், விட்ட கயிற்றின் நீளம் ஆழமாகாது. செங்குத்திலிருந்து 30 டிகிரி சாய்ந்த 20 மீட்டர்க் கயிற்றின் முனை 17 மீட்டருக்குச் சற்று மேற்பட்ட ஆழத்திலேயே நிற்கும். இதைக் கவனியாமல் 20 மீட்டர் என்று எழுதிவிட்டால், பின்னர் எவ்வளவு நுட்பமான பரிசோதனை செய்தாலும் அந்தப் பிழை நீங்காது.

நீரை அறியும் கருவிகள்

நீரின் தெளிவை அறியும் கருவி மிக எளியது. 1865-ம் ஆண்டில் இத்தாலியப் பாதிரியாரும் வானியல் அறிஞருமான செக்கி என்பவர் வெள்ளை வட்டத் தட்டைக் கடலில் இறக்கிப் பார்த்தார். இன்றும் அவர் பெயராலேயே அது செக்கித் தட்டு எனப்படுகிறது. கடலில் பெரும்பாலும் 30 சென்டிமீட்டர் குறுக்களவுள்ள தட்டைக் கொள்வர். தட்டு கண்ணுக்கு மறையும் ஆழத்தையும், மெல்ல உயர்த்துகையில் மீண்டும் தோன்றும் ஆழத்தையும் குறித்து, இரண்டின் சராசரியைக் கொள்ள வேண்டும். நடுப்பகலை ஒட்டிய நேரத்தில், படகின் நிழல் விழும் பக்கத்தில் நின்று பார்ப்பது வழக்கம். கடற்புல்லுக்கும் பவளத்தில் வாழும் நுண்பாசிக்கும் வெயிலொளியே உணவுக்கு மூலம். தெளிவு குறைந்தால் ஒளி குறையும். ஒளி குறைந்தால் அவை நலிவுறும்.

ஆழத்து நீரை மேலே கொண்டுவர, நார்வே நாட்டு அறிஞர் நான்சென் பெயரால் வழங்கும் உலோகக் குப்பி நெடுங்காலம் உபயோகத்தில் இருந்தது. 1966-க்குப் பின்னர் நிஸ்கின் குப்பி பரவியது. இது இருபுறமும் திறந்த குழாய். திறந்தபடியே ஆழத்திற்கு இறங்கும். அங்கே நீர் தடையின்றி ஊடுருவிச் செல்லும். பின்னர்க் கயிற்றின் வழியே ஒரு சிறு எடைக்கட்டியை நழுவவிட்டால், அது சென்று தட்டியதும் இருபுற மூடிகளும் மூடிக்கொள்ளும். அந்த ஆழத்து நீர் வேறு நீருடன் கலவாமல் மேலே வரும்.

நீரில் கரைந்துள்ள பிராணவாயுவின் அளவு மீன்களுக்கு உயிர்நிலை போன்றது. இதனை அளக்க 1888-ம் ஆண்டில் விங்க்ளர் என்னும் ஹங்கேரிய அறிஞர் வகுத்த முறை இன்றும் உரைகல்லாக விளங்குகிறது. குமிழி புகாமல் கண்ணாடிப் புட்டியில் நீரை நிரப்பி, படகிலேயே மாங்கனீசு உப்பையும் காரம் கலந்த அயோடைடையும் சேர்க்க வேண்டும். பிராணவாயுவைப் பற்றிக்கொண்டு பழுப்பு நிற வண்டல் உண்டாகும். கரைக்குச் சென்று சேர்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்டால், புட்டிக்குள் இருக்கும் நுண்ணுயிர்களே பிராணவாயுவை உண்டுவிடும்.

வெப்பம், உப்பு, ஆழம் மூன்றையும் ஒருங்கே அளப்பது சி.டி.டி. என்னும் மின்கருவி. நீர் மின்சாரத்தைக் கடத்தும் திறனிலிருந்து உப்பின் அளவையும், நீரின் அழுத்தத்திலிருந்து ஆழத்தையும் அது கணக்கிடுகிறது. சாதாரணமாக ஒரு கிலோகிராம் கடல்நீரில் ஏறத்தாழ 35 கிராம் உப்பு உண்டு. வங்கக் கடலில் பேராறுகள் கலப்பதால் இவ்வளவு குறைகிறது. கருவி விலையுயர்ந்தது என்பதற்காக அதனைக் கண்ணை மூடிக்கொண்டு நம்பிவிடலாகாது. உப்பளவு தெரிந்த நீரில் இட்டு அவ்வப்போது சரிபார்க்க வேண்டும். தராசை முத்திரையிட்டுச் சோதிப்பது போன்றதே இது.

உயிர்களையும் அடித்தரையையும் அறிதல்

கடலில் நீரோடு அலையும் நுண்ணுயிர்களைப் பிளாங்டன் என்பர். மத்தி, நெத்திலி போன்ற மீன்களுக்கு இவையே உணவு. மீன்களின் முட்டைகளும் குஞ்சுகளும் ஒரு பருவத்தில் இவற்றோடு கலந்தே மிதக்கின்றன. இவற்றைப் பிடிக்கக் கூம்பு வடிவான நுண்வலை பயன்படுகிறது. முற்காலத்தில் மாவு சலிக்கும் பட்டுத் துணியால் தைத்தனர், இக்காலத்தில் நைலான். சிறு பிராணிகளுக்கு ஒரு மில்லிமீட்டரில் ஐந்தில் ஒரு பங்கு அளவுள்ள கண்களையுடைய வலை பெரிதும் வழக்கிலுள்ளது.

வலையில் கிடைத்தவற்றை எண்ணினால் மட்டும் போதாது; எவ்வளவு நீரை வடிகட்டி அவை கிடைத்தன என்பதும் தெரிய வேண்டும். வாய் 50 சென்டிமீட்டர் குறுக்களவுள்ள வலையை 100 மீட்டர் இழுத்தால், ஏறத்தாழ 20 கன மீட்டர் நீர் அதனூடே செல்லும். வலையின் வாயில் ஒரு சிறு சுழலி பொருத்தி, அது சுழன்ற எண்ணிக்கையைக் கொண்டு இதனைத் துல்லியமாக அறியலாம். இக்குறிப்பு இல்லாத எண்ணிக்கை, எத்தனை ஏக்கரில் விளைந்தது என்று கூறாமல் இத்தனை மூட்டை நெல் என்று மட்டும் கூறுவதற்கு ஒப்பாகும்.

அடித்தரை மண்ணை எடுக்க, டச்சுப் பொறியாளர் வான் வீன் 1933-ல் அமைத்த அள்ளுகருவி பயன்படுகிறது. இரு அகப்பைகள் திறந்தபடி இறங்கித் தரையைத் தொட்டதும், கயிற்றை மேலே இழுக்கையில் மண்ணைக் கவ்விக்கொண்டு மூடும். 0.1 சதுர மீட்டர் தரையை அள்ளும் கருவியில் 12 புழுக்கள் கிடைத்தால், ஒரு சதுர மீட்டருக்கு 120 என்று கணக்கிடுவர். ஆனால் ஒரு கூழாங்கல்லோ சிப்பியோ இடையில் சிக்கி அகப்பை முழுதும் மூடாவிடில், மேலே வருமுன் மண்ணும் உயிர்களும் கழுவிப்போகும். அதனைத் தள்ளிவிட்டு மீண்டும் அள்ள வேண்டும். சோம்பலால் அதனையே கணக்கில் சேர்த்தால், வளமான தரை வறண்ட தரையென்று ஏட்டில் பதிவாகிவிடும். வறண்ட தரையில் தூர்மண்ணைக் கொட்டினால் கேடில்லை என்று பின்னர் ஒருவர் முடிவு செய்யக்கூடும். அந்தத் தரையில் வலை விரித்து வாழும் குடும்பங்களின் கதி என்னவாகும்? ஒரு கூழாங்கல்லைக் கவனியாததன் விளைவு அவ்வளவு தூரம் செல்லும்.

பவளப் பார்களை ஆராய மூழ்கியே செல்ல வேண்டும். அளவு நாடாவைத் தரையோடு விரித்து, அதன் கீழ் உயிர்ப்பவளம் எவ்வளவு, இறந்த பவளம் எவ்வளவு என்று நீரில் எழுதும் பலகையில் பென்சிலால் குறித்துக்கொள்வர். 10 மீட்டர் ஆழத்திற்கு ஒரு வளிமண்டல அழுத்தம் கூடுவதால், காற்றுக் கலத்துடன் மூழ்குவோர் முறையான பயிற்சி பெற்றிருத்தல் வேண்டும். 2010, 2016 ஆகிய ஆண்டுகளின் கோடையில் மன்னார் வளைகுடாவின் பவளங்கள் வெளுத்தன. வழக்கமான கோடை உச்சத்தைவிட ஒரு டிகிரி அளவு வெப்பம் மிகுந்து சில வாரங்கள் நீடித்தாலே பவளம் தன்னுள் வாழும் பாசியை இழந்து வெளுத்துவிடும். ஒரு டிகிரி வேறுபாட்டைக் கையால் தொட்டு அறிய முடியாது. ஒரே இடத்தில் ஆண்டாண்டாக எடுத்துவந்த வெப்பக் குறிப்பு ஒன்றே அதனைக் காட்ட வல்லது.

குறிப்பேடும் சீட்டும்

மேற்கூறிய கருவிகள் எல்லாவற்றையும்விட மலிவானதும், அதிகமாகப் புறக்கணிக்கப்படுவதும் குறிப்பேடே. இடம், நாள், மணி, ஆழம், காற்று, நீரேற்றமா வற்றமா, எடுத்தவர் யார் என்னும் விவரங்கள் அந்த இடத்திலேயே எழுதப்பட வேண்டும். புட்டியின் வெளியே மையால் எழுதிய எழுத்து உப்பு நீரில் அழியும். தடித்த தாளில் பென்சிலால் எழுதிய சீட்டைப் புட்டியின் உள்ளேயே இடுவது பழைய வழக்கம். அது இன்றும் கைவிடத்தக்கதன்று. சீட்டில்லாத புட்டி எவ்வளவு அரிய உயிரைத் தாங்கியிருந்தாலும் ஆராய்ச்சிக்குப் பயன்படாது.

ஒருமுறை எடுத்த அளவைக் கொண்டு கடலைப் பற்றிய முடிவுக்கு வருதலும் தகாது. பௌர்ணமி, அமாவாசை நாட்களில் நீரோட்டம் வேறு. இடைப்பட்ட நாட்களில் வேறு. ஒரே இடத்தில், ஒரே முறையில், மாதந்தோறும் எடுத்த எளிய அளவு, எப்போதோ ஒருமுறை எடுத்த நுட்பமான அளவைவிடப் பயன் மிகுந்தது. வேலை முடிந்ததும் கருவிகளை நன்னீரில் கழுவி உலர்த்த வேண்டும். உப்பு படிந்த கப்பி அடுத்த மாதம் சுழல மறுக்கும்.

உயிர்ப் பாதுகாப்பும் சட்ட வரம்பும்

படகில் ஏறும் ஒவ்வொருவரும் மிதவைச் சட்டை அணிய வேண்டும். புறப்படுமுன் வானிலை அறிவிப்பைக் கேட்டு, செல்லும் இடத்தையும் திரும்பும் நேரத்தையும் கரையில் ஒருவரிடம் எழுதிக் கொடுத்தல் வேண்டும். வானொலித் தொடர்புக் கருவி, மாற்றுத் துடுப்பு, குடிநீர், முதலுதவிப் பெட்டி ஆகியவை எப்போதும் உடனிருக்க வேண்டும். படகோட்டி திரும்பலாம் என்று சொன்னால், அளவு பாக்கியிருந்தாலும் திரும்ப வேண்டும். விடுபட்ட அளவை அடுத்த நாள் எடுத்துக்கொள்ளலாம்.

தேசியப் பூங்காவிற்குள் ஆய்வு செய்ய வனத்துறையின் அனுமதி இன்றியமையாதது. பவளமும் கடல் அட்டையும் 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் காப்பில் உள்ளவை. ஆய்வின் பெயரால் அனுமதியின்றி அவற்றை எடுத்தலும் குற்றமேயாகும்.

மீனவரும் விஞ்ஞானியும்

கருவிகளைப் பற்றி இவ்வளவு கூறிய நாம், படகின் அமரத்தில் அமர்ந்திருப்பவரை மறந்துவிடலாகாது. வாடை, கொண்டல், சோழகம், கச்சான் என்று காற்றுக்குப் பெயரிட்டு, அதனதன் காலத்தில் எந்த மீன் எந்தப் பாரை நாடும் என்பதை அறிந்தவர் அவர். விஞ்ஞானி பத்தாண்டுக் குறிப்பை வைத்திருந்தால், மீனவர் தம் பாட்டன் காலத்திலிருந்து வந்த நினைவை வைத்திருக்கிறார். நினைவு எங்கே பார்க்க வேண்டும் என்று காட்டும். கருவி எவ்வளவு என்று காட்டும். இரண்டும் இணைந்தால்தான் அறிவு நிறைவுறும்.

ஆகையால், ஆய்வுக்கு வரும் நிறுவனங்கள் உள்ளூர் மீனவரை வெறும் படகோட்டியாக மட்டும் கருதாமல், நாட்கூலியை ஒழுங்காகக் கொடுப்பதோடு, அவர் கூறுவதையும் குறிப்பேட்டில் ஏற்றுதல் வேண்டும். ஆய்வின் முடிவை அவ்வூரின் கிராம சபையில் தமிழில் எடுத்துரைத்தல் வேண்டும். தம் கடலில் எடுத்த நீர் என்ன சொல்லிற்று என்று கேட்கும் உரிமை ஊராருக்கு உண்டு.

ஊராருக்கும் ஒரு கடமை உண்டு. ஆழ்கடலில் நங்கூரமிட்டு நிறுத்தப்பட்டுள்ள மிதவைகள் காற்று, அலை, வெப்பம் ஆகியவற்றை அளந்து செயற்கைக் கோள் வழியே கரைக்கு அனுப்புகின்றன. நம் நாட்டிலும் இத்திட்டம் நடைபெற்று வருகிறது. ஐதராபாத்தில் உள்ள கடல் தகவல் சேவை மையம் வெளியிடும் அலை எச்சரிக்கைக்கும், புயல் முன்னறிவிப்புக்கும் இவை உதவுகின்றன. மிதவையின் அடியில் மீன் கூடுவது இயல்பு. அதனால் அதனருகே வலை விரிப்பதும், அதிலே படகைக் கட்டுவதும், சில வேளைகளில் அதன் உறுப்புகளைக் கழற்றுவதும் நடைபெறுகின்றன. 2017 நவம்பர் இறுதியில் ஓகிப் புயல் குமரி மாவட்டத்தில் எத்தனையோ குடும்பங்களைத் துயரத்தில் ஆழ்த்தியதை நாம் அறிவோம். மௌனமான ஒரு மிதவை எச்சரிக்கை ஏற்பாட்டில் ஒரு கண்ணை இழந்ததற்குச் சமம். அன்று கிடைக்கும் சில கூடை மீனுக்காக, நாளை கடலில் இருக்கப்போகும் தம் உறவினரின் காவலை யாரும் அழிக்கலாகாது.

ஊரே செய்யக்கூடிய அளவை

எல்லா ஆராய்ச்சிக்கும் பெரும்பொருள் வேண்டுமென்பதில்லை. கரை அரிப்பை அளக்க 1961-ல் எமரி என்னும் அமெரிக்க அறிஞர் எளிய முறை ஒன்றை வெளியிட்டார். ஒன்றரை மீட்டர் உயரமுள்ள இரண்டு மரக்கோல்களில் மேலிருந்து கீழாகச் சென்டிமீட்டர்க் கோடுகள் இட வேண்டும். மேட்டில் அசையாத ஓர் அடையாளத்திலிருந்து தொடங்கி, ஒரு கோலை நிலத்தின் பக்கமும், மற்றதைக் கோலின் நீளத் தொலைவில் கடலின் பக்கமும் நிறுத்த வேண்டும். நிலப்பக்கத்துக் கோலின் அருகே நிற்பவர், கடற்பக்கத்துக் கோலின் உச்சியும் தொடுவானமும் ஒரே கோட்டில் தெரியுமாறு கண்ணை வைத்து, அக்கோடு தம் கோலை வெட்டும் இடத்தைப் படிக்க வேண்டும். உச்சியிலிருந்து அவ்விடம் எத்தனை சென்டிமீட்டரோ, அத்தனை சென்டிமீட்டர் மணல் தாழ்ந்திருக்கிறது என்பது பொருள். இவ்வாறே நீர் விளிம்பு வரை அளந்து செல்லலாம்.

உயர்நிலைப் பள்ளி மாணவர்கள் ஆசிரியரின் துணையுடன் மாதம் ஒருமுறை, ஒரே இடத்தில், நீர் வற்றும் வேளையில் இதனைச் செய்யலாம். செலவு இரண்டு கோல்களும் ஒரு குறிப்பேடுமே. கடல் ஊருக்குள் வருகிறது என்று மனுக் கொடுப்பதைக் காட்டிலும், மூன்று ஆண்டுகளில் கரை எவ்வளவு குறைந்தது, எந்தெந்த மாதத்தில் குறைந்தது, எந்தக் கட்டுமானத்திற்குப் பின் குறைந்தது என்று மாதவாரியான ஏட்டைக் காட்டுவது வலிமையுடையது. வெள்ளைத் தட்டும், அளவிட்ட கயிறும், வெப்பமானியும் சேர்த்துக்கொண்டால், ஊராட்சியின் சொந்தக் கடற்குறிப்பு ஒன்று உருவாகிவிடும்.

கடற்கரை ஊராட்சிகள் இம்முயற்சியை மேற்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறோம். பள்ளி ஆசிரியர், மீனவர் சங்கத்தார், மகளிர் குழுவினர் ஆகியோர் ஒன்றுகூடி ஓர் இடத்தைக் குறித்து, அடுத்த அமாவாசைக்கே முதல் அளவை எடுத்துவிடலாம். அருகிலுள்ள கல்லூரியின் அல்லது ஆராய்ச்சி நிலையத்தின் உதவியைக் கேட்டுப் பெறலாம். எழுதிய ஏட்டைக் கிராம சபையில் ஆண்டுதோறும் படித்துப் பதிவு செய்தல் வேண்டும். அதிகாரிகளும் அறிஞர்களும் அவ்வூர்க் கடலைப் பற்றிப் பேச வரும்போது, ஊராரின் கையிலும் ஓர் ஏடு இருக்கும்.